லில்லி அக்காவின் பென்சில் அளவு

லில்லி அக்கா இறந்துவிட்டார்... பாறசாலையில் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஸ்டூலும் போட்டு வாட்ச் ரிப்பேர் பார்ப்பாரே, அந்த லில்லி அக்கா.

இன்று காலை போய் நின்றபோது பெட்டியைச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. பக்கத்து பேக்கரிக்காரர்தான் மலையாளத்தில் சொன்னார். "அறிஞ்ஞில்லே? சேச்சி மரிச்சு போயி. புதனாழ்ச்ச அடக்கம் கழிஞ்ஞு."

புதன்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? நான் வாட்ச் கொண்டுபோகிற ஆள், அவ்வளவுதானே...

தெரியாதவர்களுக்கு: என் மனைவி அயர்லாந்தில் நர்ஸ். மகளும் அங்கேதான் படிக்கிறாள். நான் குன்னத்துகாலில் வீட்டையும் கொஞ்சம் ரப்பரையும் காவல் காத்துக்கொண்டு, தனுவச்சபுரத்தில் ஒரு காலேஜ் ஆபீஸுக்குப் போய்வருகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எனக்கொரு வாட்ச் அனுப்பினார்கள். ஸ்டீல் செயின், நல்ல கனம். வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்த காலத்துப் போட்டோவைப் பார்த்து என் கைக்கு அளவு முடிவு செய்திருக்கிறார்கள்.

வீடியோ காலில் "கட்டிக் காட்டுங்கப்பா" என்றாள் மகள். கையைத் தூக்கினேன். வாட்ச் சர்ரென்று முழங்கைக்கு இறங்கியது. மூன்று பேரும் சிரித்தோம்.

வீடியோ கால் கட் ஆன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொபைலில் முகம் மட்டும்தானே தெரிகிறது, கை தெரிவதில்லை.

அடுத்த சனிக்கிழமை பாறசாலைக்குச் சாமான் வாங்கப் போனபோது அக்காவிடம் கொடுத்தேன். வாட்சைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"இது ஆருக்க வாட்சு மக்கா?"

"எனக்கதுதான் அக்கா."

"கண்டா களவாண்டது போல இருக்கு..."

செயினில் லிங்க் சில கழற்றினார். இன்னும் ஒன்று எடுத்தால் இறுக்கம், எடுக்காவிட்டால் தொளதொள. லாக்கின் பக்கவாட்டில் பின்னை மாற்றிப் போட குட்டிக் குட்டி ஓட்டைகள் இருக்குமே, அதில் கடைசி ஓட்டைக்கு வந்தும் சரியாகவில்லை.

கம்பெனிக்காரன் போடாத ஓட்டையை அக்கா போட்டார். கையால் சுற்றுகிற ஒரு சின்ன டிரில்... மூக்கு லாக்கில் முட்டுகிற அளவுக்குக் குனிந்துகொண்டு. பிசிறைத் தேய்த்து, பின்னைப் புது ஓட்டையில் மாட்டி, என் கையில் கட்டிவிட்டார்.

பிறகு காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, செயினுக்கும் கைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. "இதாக்கும் அளவு. பென்சில் கேறப்பிடாது. கேறினா லூசு, பாத்துக்க."

ஈஸ்டருக்கு முன்பு மறுபடி லூசானது. போனேன். பென்சில் தாராளமாக உள்ளே போனது. அக்கா அதை உள்ளேயே வைத்து உருட்டிக்கூடக் காட்டினார்.

இன்னொரு ஓட்டை போட்டுத் தாருங்கள் என்றேன். லாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முன்னால் வைத்துவிட்டார்.

"லாக்குக்கு ஒரு கேடும் இல்ல. நீயாக்கும் வத்திப்போற. மதியம் என்ன தின்னே?"

"சாயாவும் பன்னும்..."

"நேத்தைக்கு?"

நான் யோசித்தேன். நிஜமாகவே ஞாபகம் வரவில்லை.

"எலே, நான் இனி இத முறுக்க மாட்டேன். சோறு பொங்கித் தின்னு. கை தடிச்ச பொறவு வா, பழைய ஓட்டையில மாத்தித் தாறேன்." சொல்லிவிட்டு அவருடைய டிபனைத் திறந்து நீட்டினார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ரோட்டோரம் நின்றபடியே தின்றேன். கண் கலங்கியது, மீன்கறி காரம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத்தான் ஒரு சின்ன குக்கர் வாங்கினேன். ஒருத்தனுக்காகச் சோறு பொங்குவதைப் போல அலுப்பான வேலை எதுவும் இல்லை. எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு தின்பது அதைவிடக் கஷ்டம்.

ஆனாலும் பொங்கினேன். ஏனென்றால் சனிக்கிழமைதோறும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே கத்துவார், "மக்கா, சோறு தின்னியா?" பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். கேட்காமல் விட்டால் நானே கடைப்பக்கம் போய் நிற்பேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீஸில் வாட்சைக் கழற்றினேன். கையில் சிவப்பாக வரி விழுந்திருந்தது. செயின் இறுகுகிறது!

மேசையில் இருந்த பென்சிலை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். நுனிகூட உள்ளே போகவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

ஒரு குண்டூசி இருந்தால் நானே பின்னை அடுத்த ஓட்டைக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. சனிக்கிழமை அக்காவிடம் காட்ட வேண்டும் என்று வாரம் முழுக்க இறுக்கத்தோடே கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா உயிரோடு இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை பேக்கரிக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் வேறொரு வாட்ச் கடை உண்டு என்றார். வேண்டாம் என்றேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். வாட்ச் கையில்தான் இருக்கிறது, வலிக்கிறது.

பென்சில் கேறல்ல அக்கா... இண்ணக்கும் சோறு தின்னேன்.

போயிட்டு வாங்க.