ஞானமலரின் நாலு ஓம்

அம்ப்ளிபயர் எதுவாக இருந்தாலும் ஞானமலர் முதலில் தூக்கித்தான் பார்ப்பார். குமிழையோ மினுக்கத்தையோ கவனிப்பதில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கி, பிள்ளையின் நிறை பார்க்கும் தாதியைப் போல ஒரு கணம் நிற்பார். "பாரம் காணாது. உள்ளுக்கை ஒண்டுமில்லை" என்று இறக்கி வைத்துவிடுவார்.

திருகோணமலைத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பது அவர் வேலை. துறைமுகத்திலிருந்து யார் எடுத்தாலும், 'ஹலோ'வுக்கு முந்திய மூச்சிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். "தகரத்துக்குள்ளால வாற கதையைக் கேட்டுக் கேட்டு என்ர காது பட்டினி" என்பது நித்திய முறைப்பாடு.

அந்தப் பட்டினிக்கென்று வாய்த்தவை இரண்டு ஸ்பீக்கர்கள். புல்மோட்டையில் வேலை முடிந்து ஊர் திரும்பிய வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவரிடம் வாங்கியவை. இடுப்பளவு உயரம். சாதாரண அம்ப்ளிபயர் தரும் மின்சாரம் அவற்றுக்குக் கொறிக்கவும் காணாது. மெல்லிய பாட்டென்றால் சமாளிக்கும். தவில் அடி விழுந்தால் அம்ப்ளிபயர் மூச்சடைத்துப்போகும். பெட்டியின் பின்னால் நாலு ஓம் என்று போட்டிருக்கிறது. ஓம் குறையக் குறைய ஸ்பீக்கரின் மின் இழுவை கூடும் என்று ஞானமலர் விளக்கத் தொடங்கினால், கணவர் யோசேப் குறுக்கே விழுவார்: "கலியாணத்தில சம்மதமோ எண்டு கேக்க நான் ஒரு ஓம்தான் சொன்னனான். இது நாலு கேக்குது!"

போன சனிக்கிழமை, ஞானமலர் 'நானா' என்று அண்ணன் முறை கொண்டாடும் ரேடியோக் கடை அபூதாஹிர் வெள்ளி நிற அம்ப்ளிபயர் ஒன்றைச் சுமந்து வந்தார். "குவைத் சாமான், தங்கச்சி. நூறு வாட். வீடே ஆடும்."

தூக்கிப் பார்த்த ஞானமலர் உதட்டைப் பிதுக்கினார். என்றாலும் இசைத்தட்டை வைத்தார். நாதசுரம் குழைந்து எழுந்தது. முதல் தவில் அடி விழுந்ததுதான் தாமதம், வெள்ளி முகத்து விளக்குகள் பட்டென்று அணைந்தன. வீடு ஆடவில்லை.

ஞானமலர் அதே வேகத்தில் அபூதாஹிரின் கடைக்கே போய்விட்டார். மூலையில், வெறும் பெட்டிகளுக்கு அடியில், கறுப்பாய் ஒன்று கிடந்தது.

"அது கப்பலொண்டில கழட்டினது. நாப்பது வாட்தான். நூறுக்கே ஏலாததை இது என்ன செய்யப்போகுது?" என்றார் அபூதாஹிர்.

ஞானமலர் குனிந்து பிடித்தார். அசையவில்லை. மறுபடி மூச்சுப் பிடித்து இழுத்தார். அரை அங்குலம் நகர்ந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "நானா, உள்ளுக்கை ட்ரான்ஸ்போமர் இரும்பு கிடக்கு! இதுதான்!"

யோசேப்பும் அபூதாஹிரும் இரு பக்கமும் பிடித்து வீட்டுக்குள் இறக்கினார்கள். வயரை மாட்டும்போது யோசேப்புக்குப் பயம் வந்துவிட்டது. "பழசப்பா. ஏதும் பிழையாகி ஸ்பீக்கர் எரிஞ்சால் இலங்கை முழுக்கத் தேடினாலும் வேற எடுக்கேலாது."

ஞானமலர் கையிலிருந்த வயரை விடவில்லை. "எரியிறதெண்டால் எரியட்டும். இதுகளை இப்பிடிப் பட்டினி போட என்னால ஏலாது."

ஊசி இறங்கியது. நாதசுரம். ஞானமலர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்; அபூதாஹிர் வாசலோடு நின்றார். தவில் விழுந்தது.

தவிலின் தோல் அதிர்ந்தது தெரிந்தது. தவில்காரரின் விரல் கூடுகளின் நறுக்கு ஒவ்வொன்றாய்க் கேட்டது. யன்னல் கண்ணாடி கடகடத்தது. அடுத்த வீட்டுச் சீலா மா பிசைந்த கையோடு ஓடி வந்தாள்: "ஆரின்ர வீட்டில கலியாணம்?"

இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவே கதிரையில் இருந்த ஞானமலர், வாசலில் வாய் பிளந்து நின்ற அபூதாஹிரைத் திரும்பிப் பார்த்தார். எழுந்தார். "இதில இருங்கோ நானா" என்று கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, ஊசியைத் தூக்கித் தட்டின் விளிம்பிலே மீண்டும் வைத்தார்.