மகாதேசாதிபதிக்குப் பயத்தம் பணியாரம்

பெரிய பிஸ்கட் பேணி நிறையப் பயத்தம் பணியாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மச்சாள் நாங்கள் இருக்கும் லாசாலிலிருந்து கனடாவின் தலைநகரான ஒட்டாவா வரைக்கும் வந்தாள். கார் ஓட்டியது நான். அவள் என் மாமாவின் மகள். அவளுடைய தம்பி அப்போது இந்து சமுத்திரத் தீவொன்றில் கூடாரத்தில் கிடந்தான். கனடாவுக்கென்று வள்ளம் ஏறியவன். வள்ளம் பழுதாகி அங்கே கரையேற்றியிருந்தார்கள். தீவு பிரித்தானியாவுடையது. லண்டன் நியமித்த தேசாதிபதி சம்மதித்தால்தான் அவன் அங்கிருந்து வெளியே வரலாம். ஊருக்குத் திருப்பி அனுப்பினால் உயிர் தப்புமோ தெரியாது.

"ஒட்டாவாவில இருக்கிற மகாதேசாதிபதியும் ராசாவின்ரை ஆள்தானே. இஞ்சை இருந்து ஒரு சொல்லுச் சொன்னால் அந்தத் தேசாதிபதி கேப்பார்," என்றாள் மச்சாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலன்மார் போலப் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறோம், பாருங்கள். பெரிய மனிதரிடம் கையை வீசிக்கொண்டு போகக் கூடாதே, அதற்குத்தான் பணியாரம். வாசலில் நின்ற காவலர் பண்பாகவே பேசினார். பேணியை மட்டும் வாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பேணி மச்சாளின் மடியிலேயே இருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

லண்டனில் இருந்த அவளுடைய அண்ணை விஷயம் கேட்டுத் தொலைபேசியில் சிரித்தார். "அங்கை ஏன் போனனீங்கள்? தேசாதிபதியை அனுப்பினது இஞ்சத்தை அரசாங்கம். அரசாங்கத்தைக் கேள்வி கேக்கிறது பாராளுமன்றம். எங்கடை எம்பியைப் பிடிக்கிறன், பொறு."

பிடித்தும் விட்டார். மச்சாள் வில்லரேயில் குழந்தைகளைப் பார்க்கும் கார்தெரி ஒன்றில் சமைக்கிறாள். அந்த எம்பி பாராளுமன்றத்தில் எழுந்து கேட்ட அன்று நானும் அங்கே போயிருந்தேன்; கரட் வெட்டியபடி கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். தீவில் இருக்கும் மனிதர்களை எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டார். ஆராய்ந்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு மந்திரி உட்கார்ந்தார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. மச்சாளோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மனிசர் எண்டு சொன்னவரடி," என்று விம்மினாள். அதன் பிறகு, திரும்பவும் கேட்கச் சொல்லி அண்ணையை அரித்தெடுத்துவிட்டாள். அவரும் எம்பியை விடவில்லை. அடிமேல் அடி விழ அம்மி நகர்ந்தது. கூடாரங்களில் இருந்தவர்களை லண்டனுக்கு எடுத்தார்கள்.

இப்போது தம்பி அண்ணையோடு இருக்கிறான், வேலைக்கும் போகிறான். போன கிழமை மச்சாளிடம் போயிருந்தேன். கைபேசியில் அதே பாராளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. வேறெங்கோ ஒரு தீவு, வேறொரு தேசாதிபதி, அங்கேயும் அகப்பட்டுக் கிடக்கும் ஆட்கள். தீவின் பெயர்கூட என் வாயில் நுழையவில்லை.

"உனக்கு அங்கை ஆரடி இருக்கினம்?" என்றேன்.

"எனக்கு ஒருத்தரும் இல்லை. ஆரோ ஒருத்தியின்ரை தம்பி இருப்பான்தானே," என்றவள், எங்கள் எம்பி இதையும் கேட்பாரோ என்று விசாரிக்க அண்ணைக்கு அழைப்பெடுத்தாள்.