வெள்ளிக்கிழமையின் ஒரு மணி நேரம்

வெள்ளிக்கிழமைகளில் நான் சீக்கிரம் வந்துவிடுவேன். ஆனால் மாடிக்கு ஏறமாட்டேன். ஷார்ஜாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே, வாட்ச்மேன் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் அவர், பெஷாவர்க்காரர், நான் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துப் பூட்டு திறக்கிற ஆளுக்கே போன் போட்டுவிட்டார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். சாவி இருந்தும் வீட்டுக்குப் போகாத பெண்ணை அவர் அதற்குப் பிறகு ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பார்க்கட்டும். ஊரில், கருங்கலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பார்ப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

துபாயில் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. போக வர கார் லிஃப்ட், அதாவது ஆளுக்கொரு இடம் பிடித்து மாதக் காசு கொடுத்துப் போகிற வேன். டிரைவர் கோழிக்கோட்டுக்காரர். திங்களும் வெள்ளியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் செவ்வாயன்று மொத்தமாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி வருவார்கள். அன்று வேன் நகராது. வெள்ளியன்று பாதிப் பேருக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும், எங்களுக்கு மட்டும் கிடையாது. மாலையில் ரோடு வெறிச்சென்று கிடக்கும். ஒரு நாள் சீக்கிரமும் ஒரு நாள் பிந்தியும் நான் வருவது இதனால்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் வீட்டுக்காரருக்கு ஏறவில்லை.

"ரோடு அதே ரோடுதானே ஏட்டி. செவ்வாக்கெழம மட்டும் நீளுமா?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, போனை வேனுக்குள் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கூட வந்த நான்கு பெண்களும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு இருப்பதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மானம் போய்விட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டார், இப்படியே போனால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று. மகளின் நர்சிங் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. கடையில் வந்து உட்காருகிற எவனோதான் அவருக்குத் தூபம் போடுகிறான் என்று நானும் ஒவ்வொருவனாகச் சந்தேகப்பட்டேன்.

இதே மனுஷன்தான், கல்யாணமான புதிதில் நான் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வந்த காலத்தில், எவ்வளவு பிந்தினாலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் வாய் திறக்கும் முன்பே, "இன்னைக்கு முகூர்த்தமில்லியா, மண்டபத்து முன்னால பஸ்ஸு கெடந்திருக்கும்" என்பார். சந்தை நாள், முகூர்த்த நாள், கோயில் கொடை, சர்ச் திருவிழா எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ரோடு அவருடைய ரோடு. இது அவர் பார்த்திராத ரோடு.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லா நாளையும் செவ்வாய்க்கிழமை ஆக்கிவிட்டேன். சீக்கிரம் வந்தாலும், நடுவில் அவர் கூப்பிட்டால் தெருச் சத்தம் கேட்கட்டும் என்று கீழேயே உட்கார்ந்து, செவ்வாயன்று வந்து சேருகிற நேரத்துக்குத்தான் மாடிக்கு ஏறி அவரைக் கூப்பிடுவேன். இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. ஒரு செவ்வாய் மழை வெள்ளத்தில் வேனே ஓடவில்லை, ராத்திரி ஆபீசிலேயே தங்கிவிட்டேன்; அன்றும் அதே நேரத்துக்கே கூப்பிட்டு, வந்துவிட்டேன் என்றேன்.

போன வாரம் அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா? மார்த்தாண்டம் போயிட்டு வாறதே ஒரு நாளு போல மறுநாளு இல்ல. ஒனக்கு மட்டும் எப்பிடி ஏட்டி தெனமும் ஒரே நேரம்? உள்ளதச் சொல்லு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளதைத்தானே முதலில் சொன்னேன் என்றேன். அவருக்குப் பின்னால் கருங்கல் சந்திப்பில் ஏதோ பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே என்ன, முகூர்த்தமா என்று கேட்டேன். ஆமா என்று போனை வைத்துவிட்டார்.

இந்த வெள்ளி, வருவது வரட்டும் என்று நேரே மாடிக்கு ஏறினேன். வாட்ச்மேன் துடைத்துப் போட்டிருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே வெளிச்சம் இருந்தது. இந்த அறையில் மாலை வெயில் விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்போது போன் அடித்தது.

"எங்க நிக்கே?" என்றார்.

சாவி இன்னும் கையில்தான் இருந்தது.

"வழியில" என்றேன்.