தண்ணிக்காரரைப் பற்றி நான் அனுப்பிய மனு

பெருவிரல் கனத்தில் ஓர் இரும்புக் கம்பி. நிறுத்தி வைத்தால் ஆளின் நெஞ்சு வரை வரும். மேலே பிடிப்பதற்கு ஒரு குறுக்குக் கம்பி, கீழே வால்வைக் கவ்வுகிற சதுர வாய். நம் தெருவுக்குக் குடிதண்ணீர் திறந்துவிட்டவரின் சாவி அது. தெருமுனைக் குழிக்குள் அதை இறக்கித் திருகிவிட்டு, அதே சாவியால் பக்கத்திலிருக்கும் இரும்பு விளக்குக் கம்பத்தில் ஓங்கித் தட்டுவார். கடைசி வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். பிறகு குரல் வரும்: "தண்ணி வந்துருச்சு தாயிகளா! பெறவு அண்ணே சொல்லலைன்னு என்னையச் சொல்லப்புடாது!" பிள்ளைகளா, மூத்தவளுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். இளையவன் அப்போது தொட்டிலில் கிடந்தான். அவன் வளர்ந்து கேட்பதற்கு அந்தச் சத்தம் இல்லாமல் போனது என்னால்தான்.

கீழக்கரைக்குப் பக்கத்திலிருக்கிற நம் ஊரில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். குழாய்த் தண்ணீருக்கு அப்போது நாளும் கிடையாது, நேரமும் கிடையாது. தெருவில் முக்கால்வாசி வீட்டு ஆண்கள் அரபு நாட்டில். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற பெண்களுக்குத் தண்ணீர் வந்த சேதியைச் சொல்ல அவர் ஒருவர்தான். உத்தரகோசமங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, சைக்கிள் கம்பியோடு சாவியைக் கட்டிக்கொண்டு வருவார். கம்பத்தில் தட்டியும் திறக்காத கதவு இருந்தால் அதன் முன்னால் போய் நின்றுகொள்வார். "தாயி, போன தடவை உங்க தொட்டி நெறைஞ்சு தெருவுல ஓடுச்சு. இந்தத் தடவையும் தூங்கினீகன்னா நான் மீனு வாங்கி விட்டுருவேன்!" உள்ளேயிருந்து சிரிப்பும் குடம் உருளுகிற சத்தமும் சேர்ந்து வரும். விடுமுறையில் வருகிற என்னையும் விடமாட்டார். "வாங்க மாப்ளே! நீங்க இருக்கிற வரைக்கும் என் தொண்டைக்கு ஓய்வு. இந்தாங்க சாவி, நீங்களே தட்டுங்க." ஒரு தடவை தட்டியும் பார்த்தேன். தோள் வரை அதிர்ந்தது. "துபாய்ச் சோறு பத்தலை" என்று சிரித்தார்.

துபாயில் நான் ஒரு கிடங்குக்கு வண்டி ஓட்டினேன். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எங்கள் அறையில் எல்லாரும் ஊர்க்காரர்கள். அதில் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். எந்த நாட்டில் இருந்தாலும் ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ள ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. அதிகாரிகளுக்கு இணையத்திலேயே மனு அனுப்பலாம் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி நான் அனுப்பிய முதல் மனு, நம் தெருமுனைக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பது. கொஞ்ச நாளில் எரிந்தது. எந்த அதிகாரி முன்னாலும் நாற்காலியில் உட்கார்ந்து பேசியறியாதவன் நான். கடல் தாண்டி உட்கார்ந்து எழுதி ஒரு விளக்கு எரிந்தது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! அண்ணனைக் கூப்பிடுகிற முறையிலேயே அறையில் "கவுன்சிலர் காக்கா" என்று கேலி செய்தார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். "என்ன விசேஷம்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "என்ன விசேஷம், தண்ணியும் வரல, நீங்களும் வரல" என்றாள் உங்கள் உம்மா. இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் அவள் முதல் பாதியைச் சொன்னாள். அந்த வருஷமும் என் விடுமுறை தள்ளிப்போயிருந்தது. இளையவன் பிறந்து நான் அவன் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. தண்ணீருக்குத்தான் என் கையில் வழி இருந்தது. "எத்தனை நாளா வரல?" என்று அதையே பிடித்துக்கொண்டேன். "அது கெடக்கு, ஒரு வாரமா" என்றாள். போனை வைத்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

நான் எழுதியதைப் பின்னால் நின்று படித்த அறைக்காரர் ஒருவர் சொன்னார்: "காக்கா, சும்மா தண்ணி வரலைன்னா யாரு அசைவா? ஆளைக் காட்டிக் குடுங்க, அப்பத்தான் வேலை நடக்கும்." எனக்கும் அது சரியாகப் பட்டது. பெயரைப் போடலாம் என்று பார்த்தால், இத்தனை வருஷம் பேசிச் சிரித்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறக்கும் பணியாளர் ஒழுங்காக வருவதில்லை" என்று எழுதினேன். அவர் வரவில்லை என்று உங்கள் உம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழுவிலும் அதைப் போட்டேன். நம் தெருவில் கால் வைத்தே பல வருஷம் ஆனவர்கள், சவூதியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அதையே நகல் எடுத்து அனுப்பினார்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. அன்றைக்கு அறையில் எல்லாருக்கும் டீ என் செலவு.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் உம்மா ஸலாம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். வற்புறுத்திக் கேட்டபிறகுதான் பேசினாள். ஊருக்கு வருகிற பெரிய குழாய் வழியில் எங்கேயோ உடைந்துபோய், அந்த வாரம் முழுக்கத் தண்ணிக்காரர் அங்கே மண் தோண்டிக்கொண்டு இருந்திருக்கிறார். தினக்கூலி ஆள், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றால் முடிந்தது. அப்படியே சொல்லிவிட்டார்கள். சாவியை ஒப்படைக்கப் போகிற வழியில் நம் வாசலில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். "மாப்ளே அங்கன இருந்து எழுதிப்போட்டாகளாமே தாயி? ஒரு போனைப் போட்டு, ஏன்யா வரலைன்னு ஏசியிருந்தாக்கூட நான் வாங்கிக்கிட்டிருப்பேன்ல." அதோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். சொல்லி முடித்துவிட்டு உங்கள் உம்மா கேட்டாள்: "தண்ணி வரலைன்னு நான் உங்ககிட்டத்தானே சொன்னேன்? கலெக்டர்கிட்டயா சொன்னேன்?"

அவருக்குப் பதிலாக வந்தவர் மோட்டார் சைக்கிளில் வந்து வால்வைத் திருகிவிட்டுப் போய்விடுவார். தட்டுவதும் கிடையாது, கூப்பிடுவதும் கிடையாது. அது அவர் வேலையில் சேர்ந்ததும் இல்லை. குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் வந்து நின்றபிறகு தெரிந்துகொண்ட பெண்கள், "எல்லாம் கவுன்சிலர் பொண்டாட்டி புண்ணியம்" என்று நம் வாசலைப் பார்த்துச் சொல்வார்கள். துபாயில் எனக்குக் கிடைத்த பட்டம் இங்கே அவளுக்குத் தண்டனையாக வந்து சேர்ந்தது. அவள் ஓர் அலுமினியத் தட்டைக் குழாய்க்கு அடியில் கவிழ்த்து வைத்தாள், முதல் சொட்டு விழுகிற சத்தத்துக்கு எழுந்துகொள்ள. எழுந்ததும், பேசினவர்கள் வீட்டுக் கதவையும் அவளே போய்த் தட்டினாள்.

அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி இன்னொரு மனு அனுப்பினேன். அதே பக்கம், அதே ஒற்றை விரல். பதில் இல்லை. குழுவிலும் கேட்டேன். "முடிஞ்ச விஷயம், விடுங்க காக்கா" என்று ஒருவர் எழுதினார். மற்றவர்கள் அதுவும் எழுதவில்லை.

துபாயை முடித்துக்கொண்டு வந்தபிறகு, கிராமத்தை விசாரித்து அவரைத் தேடிப் போனேன். கருவேலங்கட்டையை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் சாம்பல். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க மாப்ளே! இங்கன ஒரே புகையா இருக்கும். அதையும் எழுதிப்புடாதீக!" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணே, உங்க பேரு என்ன?" என்றுதான் கேட்டேன். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னார். அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஒரு தடவை அவரை எழுதினது போதும்.

மகளே, போன வாரம் நீ ஊர் நூலகம் அடிக்கடி பூட்டிக் கிடக்கிறது, இணையத்தில் மனு போடப்போகிறேன் என்றாய். அடுப்படியிலிருந்து உம்மா "வேணாம்மா" என்றாள். உனக்குக் கோபம் வந்தது. எழுதாதே என்று நான் சொல்லமாட்டேன். தெருவில் விளக்கு எரிந்ததும் அப்படித்தான். ஆனால் முதலில் நூலகர் வீட்டுக்கு நீயும் நானும் போவோம். ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று அவர் வாயால் கேட்போம். அவர் பெயரையும் கேட்டுக்கொள்வோம். அதற்குப் பிறகும் எழுத வேண்டியிருந்தால், உட்கார்ந்து நானும் உனக்கு எழுத்துக் கூட்டுகிறேன்.

இரவில் இஷா தொழுதுவிட்டு வரும்போது தெருமுனையில் கொஞ்சம் நின்றுதான் வருகிறேன். கம்பத்துக்கு இப்போது பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நெஞ்சு உயரத்தில், சாவி பட்டுப் பட்டு அமுங்கின பள்ளம் மட்டும் பெயிண்ட் அடித்தும் மூடவில்லை. மேலே நான் எழுதி வாங்கின விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. அந்தப் பள்ளம் எனக்குத் தெரிவதும் அந்த வெளிச்சத்தில்தான்.