சிவப்பு இல்லாத இடம்

இந்த நாட்டில் நாற்காலிக்கு அளவெடுக்க ஆள் வருகிறார்கள். என் இடுப்பு மூட்டை மாற்றுவதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து, முழங்காலுக்கும் தரைக்கும் நாடா பிடித்துப் பார்த்து, கட்டில், நாற்காலி எல்லாவற்றின் கால்களுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினார். ஊரில் எதில் உட்காருவேன் என்று கேட்டார். தரையில் என்றேன். மகன் அதை இங்கிலீஷில் சொன்னதும் அவர் முகம் வாடி, என் கையைத் தட்டிக் கொடுத்தார். நாற்காலி வாங்க வக்கில்லாதவள் என்று நினைத்திருப்பார். திருச்சுழிப் பக்கம் எட்டு ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரி நான். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மகன் முருகேசனுக்கு வேலையே இதுதான். எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறான். எலும்பைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துப் பாரம் ஏற்றினால், அழுத்தம் வண்ணமாகத் தெரியுமாம். என் எடையைப் போட்டு ஒரு படம் எடுத்து வந்தான். எல்லாம் நீலமும் பச்சையும்; தண்டின் நுனியில் மட்டும் ரத்தச் சிவப்பு.

"அந்த இடத்துல ஒடிஞ்சிருமாய்யா?"

"அது பொய்ச் சிவப்பும்மா. கூர்மூலை. கட்டத்தைப் பொடிசாக்க ஆக்க அங்க அழுத்தத்தோட எண்ணு ஏறிக்கிட்டே போகும், ஒரு இடத்துல நிக்காது. நிக்கிற எண்ணைத்தான் நம்பணும். எனக்குப் பயம் இங்கதான்."

அவன் விரல் வைத்தது மேலே, வெறும் நீலத்தில்.

"எலும்பும் இரும்பும் ஒட்டியிருக்குன்னு வச்சுப் போட்ட படம் இது. நெசத்துல ஒட்ட மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் உள்ள வழுக்கும். ரொம்ப வழுக்குனா எலும்பு பிடிக்காது, நடுவுல சவ்வுதான் வளரும். அப்புறம் மறுபடி அறுக்கணும். நீ நடக்கிறதே சந்தேகம். மூணு மாசம் கம்பு ஊனித்தான் ஆகணும்."

"கம்பா? ஆடு மேய்க்கவா என்னைய இங்க கூட்டியாந்த?"

"ஆமா, நாந்தான் ஆடு. மேய்."

நான் சிரிக்கவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் ஊரில் மாடு கட்ட ஒரு கல்லுக்கால் நட்டோம். கரிசலில் நட்ட கல்லில், ஒரு மழை இறங்கி மண் இறுகுகிற வரைக்கும் மாடு கட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் யார் சொல்லைக் கேட்டேன்? மறுநாளே புதுக் காளையைக் கட்டினேன். அது இழுத்த இழுப்பில் கல்லைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி. ஐப்பசி மழை கொட்டியும் அந்தக் கல் இறுகவே இல்லை. குழி நிறையச் சேறுதான். என் வீட்டுக்காரர் ஒரு சொல் சொல்லாமல் காளையை அவிழ்த்துக்கொண்டு போனார். இருந்த காலம் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

ஆபரேஷன் முடிந்ததும், அவன் நீட்டிய கம்பை வாங்கிக்கொண்டேன்.

நாலாம் மாதம் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். எலும்புக்கும் தண்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு எதுவும் இல்லை.

"பிடிச்சிருச்சும்மா! இனி எலும்பை உடைச்சாத்தான் பிரிக்க முடியும்."

எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. வலி போயிருந்தது, அதோடு தரையில் உட்காருவதும் போயிருந்தது.

"என்னைய எரிச்சா இது வேகுமாய்யா?"

"வேகாதும்மா."

"அப்ப எலும்பை நம்மூருக் குண்டாத்துல கரைச்சிரு. இரும்பை இங்கயே கொண்டாந்துரு. இந்த ஊருச் சாமான்."

அவன் படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. தண்டு இருந்த இடம் மட்டும் படத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதன் வழியே வெளியே தெருவில் பனி விழுவது தெரிந்தது. எலும்பு இருந்த இடம் மங்கல்.