தாய்மாமன் ஓட்டிய கார்

கார்த்திகேசு அண்ணன் அந்தக் காரை வாங்கி வந்த நாளில் எங்கள் அடுக்குமாடியில் சிரிக்காதவர்கள் இல்லை. பினாங்கில், ஆயர் ஈத்தாமில் மலிவு விலை வீடுகள் எங்களுடையவை. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. கீழே மோட்டார் சைக்கிள்களும் சின்னச் சின்ன உள்ளூர்க் கார்களும் இடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு நடுவே கப்பல் மாதிரி ஒரு கறுப்பு ஜெர்மன் கார், பின்னால் நான்கு புகைக்குழாய், நானூறு குதிரை சக்தி. மூன்றாம் மாடியில் ஒண்டிக்கட்டையாக இருக்கும் அறுபது வயது மனிதர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்" என்று ஒரு மகராசி என் காதுபடவே சொன்னாள். நானும் மறுத்துப் பேசவில்லை.

அவர் அற்பன் இல்லை என்று எனக்குத் தெரியும். பல வருடமாக அவருக்கு எதிர் வீட்டுக்காரி நான்; லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தே முடி நரைத்தவர். தகப்பனார் போன பிறகு தங்கை நல்லம்மாளைப் படிக்கவைத்து, புக்கிட் மெர்தாஜாமில் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது அவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இவருக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தைக் கொண்டுபோய் இந்த செகண்ட் ஹேண்ட் காரில் கொட்டினார். முட்டாள்தனம்தான், அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவர் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே இருந்த இரைச்சல் எல்லாம் வெளியிலேயே நின்றுவிட்டது. பெல்ட்டை மாட்டியதும் அது தானாக ஒருமுறை உடம்போடு சேர்த்து இழுத்துப் பிடித்தது. நான் பயந்தே போனேன். முன்னால் இருந்த திரையில் அவர் பெயரைப் போட்டு வரவேற்பு வந்தது. பினாங்குப் பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது காலை அழுத்தினார் பாருங்கள், முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது. ஐம்பதைத் தாண்டியவள் சின்னப்பிள்ளை மாதிரி சத்தம் போட்டுச் சிரித்தேன்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா பினாங்கு ஜாம்ல இத வச்சி என்னா செய்யப் போறீங்க?"

"வீட்டுல என் பேர யாரு சொல்றா, குமுதா? இதுல ஏறுனா என் பேரு வருதுல்ல" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் இரண்டு மாதம் கார் சும்மா நிற்கவில்லை. கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி, வந்தவர் போனவரை எல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றினார். பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் சாப்பிட அழைத்துப் போனார். வாடை போகாது என்று டுரியானை மட்டும் காருக்குள் ஏற்றவில்லை. பிறகு ஆட்கள் குறைந்தார்கள். ஆளுக்கொரு கார் வைத்திருக்கிற ஊரில் அடுத்தவர் காரில் எத்தனை நாளைக்கு உட்காருவார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி வாங்க என்னைப் பாசாருக்குக் கூப்பிடுவார். "ரெண்டு கட்டு கங்கோங் கீரை வாங்க நானூறு குதிரையாண்ணே" என்று கேலி செய்துகொண்டே ஏறுவேன். மற்ற நாள்களில் காரைத் துடைப்பார். இப்போது யாருமே உட்காராத பின்சீட்டையும் விடாமல் துடைப்பார்.

அப்போதுதான் நல்லம்மாள் போன் செய்தாள். தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் அண்ணனை நினைக்கிறவள். ஒரே மகள் சாந்தினிக்குக் கல்யாணமாம். "அண்ணே, பொண்ணு ஏறிப்போற காரு ஒங்க காருதான். வேற யார்கிட்டயும் கேக்கல" என்றாளாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பொண்ண மணவறைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மால போடறது யாரு? தாய்மாமந்தானே" என்று என்னிடம் கேட்டார், என்னவோ எனக்குத் தெரியாத சேதி மாதிரி. இத்தனை வருடமும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிற மனிதர். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனை யார் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்? இந்த ஒரு மாலைதான் உலகத்தில் அவர் கையால் மட்டுமே போட வேண்டியதாக இருந்தது. நல்லம்மாளுக்கு வேறு பிள்ளை கிடையாது, இவருக்கு வேறு தங்கை கிடையாது. இதை விட்டால் இன்னொன்று வராது.

பட்டு வேட்டியை எங்கள் கடையில்தான் எடுத்தார். குவீன் ஸ்ட்ரீட் பூக்கடையில் ரோஜாவும் சம்பங்கியும் வைத்து மாலை கட்டச் சொன்னார். கார் அலங்காரத்துக்கு ஆள் வைக்கவில்லை. பசை நாடா ஒட்டினால் பெயின்ட் கெட்டுவிடுமாம். ரிப்பனை அவரே முடிச்சுப் போட்டுக் கட்டினார். காலையில் கிளம்பும்போது நான்தான் கையசைத்து அனுப்பினேன். எனக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் அவர் வாயால் கேட்டது.

மணப்பெண்ணை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய்க் கோயில் வாசலிலேயே இறக்கியிருக்கிறார். காரையும் அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, உள்ளே போய் மாலைத் தட்டோடு மணவறை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒன்றுவிட்ட தம்பி குணாளன். கொஞ்ச நேரத்தில் மைக்கில் சத்தம். கறுப்புக் கார் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மாப்பிள்ளை வீட்டார் பஸ் உள்ளே வர முடியவில்லை, உடனே எடுங்கள்.

"சாவியக் குடுங்கண்ணே, நான் நவுத்திட்டு வந்துர்றேன். நீங்க தட்டப் புடிச்சிட்டு இருங்க" என்றான் குணாளன்.

"வேணாம்டா. லேசா கால் பட்டாலே பாஞ்சிரும். ஒனக்குப் பழக்கமில்ல."

வாங்கிய நாளிலிருந்து அவர் கையைத் தவிர வேறு கை அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. தட்டைக் குணாளன் மடியில் வைத்துவிட்டு இவரே எழுந்து போனார். வெளியே முகூர்த்த நாள் கூட்டம், ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள். ஓர் இடம் இருந்தது, பக்கத்தில் லாரி. லாரிக்காரன் கதவைத் திறக்கிற வேகத்தில் கோடு போட்டுவிடுவான் என்று விட்டுவிட்டார். இன்னோர் இடம் மரத்தடியில், மேலே மைனாக் கூட்டம். அதையும் விட்டுவிட்டார். ஒருவழிப் பாதையில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் மனசுக்குப் பிடித்த இடம் கிடைத்ததாம். இறங்கிய பிறகும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். உள்ளே நுழையும்போது மேளம் கேட்டது. சாந்தினி கழுத்தில் ரோஜாவும் சம்பங்கியும் கிடந்தன. குணாளன் அவள் கையைப் பிடித்து மணவறைக்கு நடத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். படம் பிடிக்கிறவர்கள் அவனுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார்கள்.

"எங்கண்ணே போனீங்க? ஐயரு நேரம் போவுது, நேரம் போவுதுன்னு ஒரே சத்தம். தட்டு அவன் கையில இருந்துச்சு, அவனும் ஒரு மொறையில மாமன்தானேன்னு..." என்று நல்லம்மாள் இழுத்தாள்.

"பரவால்லம்மா" என்றிருக்கிறார் இவர். வேறு என்ன சொல்வார்?

தாலி கட்டுவதைக் கடைசி வரிசையில் நின்று பார்த்தார். சாப்பாடு முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். அன்றைக்குத்தான் அந்தப் பின்சீட்டில் சொந்த ரத்தம் உட்கார்ந்தது. வழியில் ஏதாவது பேசுவாள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினாராம். விடியுமுன்னே எழுந்த பெண், புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் ஒருமுறை, "அங்கிள், ஏர்கோன் கொஞ்சம் கூட்டுறீங்களா" என்றான். கூட்டினார்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து இருவரையும் உள்ளே அழைத்துப் போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது. இவர் இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். யாராவது வந்து 'உள்ளே வாங்க மாமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்ததாம். ஓர் அம்மாள் வெளியே வந்தார், மாப்பிள்ளைக்குப் பெரியம்மா போலிருக்கிறது. ஜன்னல் வழியாக பணம் வைத்த ஒரு சிவப்பு அங்பாவ் உறையை நீட்டினார். கல்யாணக் கார் ஓட்டி வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, அது எங்கள் ஊர் வழக்கம்.

"இந்தாங்க டிரைவரண்ணே, நல்லபடியா கொண்டாந்து சேத்துட்டீங்க. பின்னாடி சாப்பாடு இருக்கு, சாப்ட்டுப் போங்க."

அந்த அம்மாள் மேல் குற்றம் இல்லை. மரியாதையாகத்தான் கொடுத்தார். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையை அசைத்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார்.

சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்தபோது பார்க்கிங்கில் ரிப்பனோடு கார் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பட்டு வேட்டியோடு அவர். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"நான் டிரைவர் இல்ல, பொண்ணுக்குத் தாய்மாமன்னு சொல்லிருக்கலாமில்லண்ணே. ஏன் வாய மூடிட்டு வாங்குனீங்க?"

ஸ்டீயரிங்கின் மேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை.

"சொல்லத்தான் வாய் வந்துச்சு, குமுதா. சொன்னா, மால போட்டவரு வேறயாச்சேன்னு கேப்பாங்கல்ல?"