வேன்கார ஹயாத்து முகம்மதுவின் கோபம்

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த இளவயதிலேயே ஹயாத்து முகம்மது ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வந்து குடியேறிய தில்லையடியில் பாதிப் பிள்ளைகள் அவருடைய வேனில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ஊருக்கே அவர் நானா, அண்ணன். சிகரெட்கூட வாயில் வைத்ததில்லை. அப்படிப்பட்டவரைத்தான் ஐஸ் என்ற போதைப்பொருள் அடிக்கிறவர் என்றார்கள்.

சில மாதங்களாக அவருடைய வலது கை சும்மா இருக்கும்போது நடுங்கியது, நடை தளர்ந்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் கடைக்கார மிஹ்லாரின் குரல்பதிவு வந்தது: "வேன்கார நானாட கையப் பாத்தீங்களா? ஐஸ் பழக்கம்தான். புள்ளைகள ஏத்தாதீங்க."

மறுநாள் எந்த வாசலிலும் பிள்ளை நிற்கவில்லை.

மதிய லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஹயாத்து முகம்மது மிஹ்லாரை மறித்தார். உடம்பெல்லாம் எரிந்தது. கத்த நினைத்தார், குரல் தாழ்ந்தே வந்தது. முகம் மரக்கட்டைபோல அசையாமல் கிடந்தது.

"பாருங்க மொகத்த, ஒரு ரோஷமாவது தெரியுதா?" என்றான் மிஹ்லார், சுற்றி நின்றவர்களிடம்.

சிறுநீரைச் சோதித்து, தான் சுத்தமானவன் என்று காட்டத்தான் மனைவி ஜுனைதாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். டொக்டர் அவரை நடக்க வைத்தார், விரல்களை விரித்து மடக்கச் சொன்னார். கறி கருகினாலும் இவருக்கு மணமே தெரிவதில்லை என்றாள் ஜுனைதா.

"சிறுநீர் சுத்தம். இது போதைப்பொருள் இல்ல. பார்க்கின்சன் நோய்," என்றார் டொக்டர். "மூளையில, நரம்பு நுனியில, அசைவ நடத்துற டோபமைன் எண்ட ரசாயனம் சின்னச் சின்னப் பைகள்ல இருக்கும். அந்தப் பைகள ஒழுங்காக்கி, அளவா வெளிய விட உதவுறது அல்ஃபா சினுக்ளீன் எண்ட புரதம். அது உருக்கெட்டு ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியானா டோபமைன் வெளியாகிறது குழம்பும். போகப்போக அந்த நரம்புக் கலங்களே செத்துப்போகும். டோபமைன் குறைஞ்சாக் கை நடுங்கும், முகம் இறுகும்."

"அது ஏன் எனக்குக் கட்டியாகணும்?"

"தெரியாது. உங்கட பிழை இல்ல. குளிசை தாறன், நடுக்கம் குறையும். ஆனா வேன் ஓட்டாதீங்க. புள்ளைகள் ஏறுற வண்டி."

மூளைக்குள் கிடக்கிற புரதத்தோடு யார் சண்டை பிடிப்பது? பஸ்ஸால் இறங்கியதும் அவர் நேரே மிஹ்லாரின் கடைக்குப் போய், வேன் ஓட்டவேண்டாம் என்றதை மட்டும் விட்டு, டொக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார்.

மிஹ்லார் வெளுத்துப்போனான். "மாப்புத் தாங்க நானா. நான் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்றேன்."

"எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்ன? எல்லாருக்கும் கேக்கவே சொல்லு. இப்ப, எனக்கு முன்னால."

கடையில் ஆட்கள் நின்றார்கள். மிஹ்லார் போனை எடுத்து, நான் சொன்னது பொய், நானாவுக்கு நரம்பு வருத்தம் என்று அதே குழுவில் பேசினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "நாளைக்கு வேன் வருமா?"

அந்தக் கேள்விதான் அவரை அறுத்தது. "வராது," என்றார். "டொக்டர் ஓட்டவேணாம் எண்டுட்டார். ஆனா அத என்ட வாயால சொல்லி, மரியாதையா நிப்பாட்டியிருப்பேன். நீ அதையும் புடுங்கிட்டாய்."

வேனை அந்த மாதமே கற்பிட்டியில் பீற்றர் என்ற ஒருவருக்கு விற்றார். குளிசையில் நடுக்கம் ஓரளவு அடங்கியது, கோபம் அடங்கவில்லை. ரோட்டில் மிஹ்லார் சலாம் சொன்னால் பதில் சொல்வார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.